பிளக் சும்மா சுத்துதா? அறிகுறி பார்த்து ஹெட் மரையைச் சரிசெய்வது

"அண்ணா, பிளக் சும்மா சுத்துதுங்க. எவ்வளவு திருகினாலும் டைட்டே ஆகலை."

மஞ்சள் காட்டில் களை எடுக்கும் நாட்களில் என் ஷெட்டுக்கு வரும் பவர் வீடர்களில் பல, இந்த ஒரே பேச்சோடுதான் வண்டியிலிருந்து இறங்கும். கூடவே ஒரு பிளக் ஸ்பேனரும் வரும். அதன் கம்பியில் இரண்டடி ஜிஐ பைப் சொருகியிருக்கும். பைப்பைப் பார்த்ததுமே பாதிக் கதை தெரிந்துவிடும்.

கீழே எழுதியிருப்பது காற்றில் குளிரும் சின்னப் பெட்ரோல் எஞ்சின்களுக்கு: வீடர், தண்ணீர் பம்ப், மருந்தடிக்கும் பவர் ஸ்பிரேயர், பிரஷ் கட்டர், ஜெனரேட்டர், மொபெட். இவற்றில் ஹெட், அதாவது பிளக் ஏறும் சிலிண்டரின் மேல்மூடி, அலுமினியம். தீப்பொறி தரும் பிளக்கின் உடம்பு இரும்பு. இரண்டும் மோதினால் கரைவது அலுமினியம்தான். பிளக் 200 ரூபாய்க்குள் கிடைக்கும், ஹெட் அப்படியில்லை.

முதலில் அளவு. பம்ப், வீடர், ஜெனரேட்டரில் பெரும்பாலும் 14 மிமீ பிளக், மரை இடைவெளி 1.25 மிமீ. ஸ்பிளெண்டர் வகை 100 சிசி பைக்குகளில் 10 மிமீ, இடைவெளி 1 மிமீ. என்ஜிகே பிளக் என்றால் பெயரிலேயே விவரம் உண்டு. பி என்று தொடங்கினால் 14, டி என்றால் 12, சி என்றால் 10. நடுவில் வரும் எண்ணுக்கு அடுத்த எழுத்து மரைப் பகுதியின் நீளம்: இ என்றால் 19 மிமீ, எச் என்றால் 12.7 மிமீ. ஹோண்டா ஜிஎக்ஸ்160 எஞ்சினுக்குப் போடும் பிபிஆர்6இஎஸ் பிளக்கில் 19 மிமீ நீளத்துக்குக் கிட்டத்தட்ட 15 சுற்று மரை. பிரஷ் கட்டர்களில் அதிகம் பார்க்கும் பிபிஎம்ஆர்7ஏ-யில் நீளம் 9.5 மிமீதான், ஏழு சுற்றுக்குக் கொஞ்சம் மேல். இரண்டு சுற்று போனாலே அங்கே பெரிய நஷ்டம்.

இன்னொன்று. எந்த அறிகுறியானாலும், "இன்னொரு தடவை இறுக்கிப் பார்ப்போம்" என்று ஸ்பேனரை மறுபடி மாட்டாதீர்கள். நான் பார்த்தவரை முதல் தவறில் மூன்று சுற்று மரைதான் போகும். மீதியைக் கொண்டுபோவது இரண்டாவது முயற்சி.

அறிகுறி: பிளக் சுற்றிக்கொண்டே இருக்கிறது, இறுகவில்லை

எஞ்சின் ஆறட்டும். பிளக்கை மேல்நோக்கி இழுத்தபடி இடப்பக்கம் சுற்றினால் வெளியே வரும். வந்ததும் பிளக்கின் மரையைப் பாருங்கள். இடியாப்பச் சிக்கல் மாதிரி வெள்ளையாக ஒரு சுருள் அதன் பள்ளங்களில் சுற்றியிருந்தால், அது ஹெட்டின் மரை. விரல் நகத்தால் நெம்பினால் முழுச் சுருளாகவே கழன்று வரும். எத்தனை சுற்று என்று எண்ணிக்கொள்ளுங்கள். ஹெட்டில் எத்தனை மிச்சம் என்பதற்கு அதைவிட நல்ல கணக்கு கிடையாது.

சுருள் எதுவும் வரவில்லையா? அப்போது குற்றவாளி பிளக்காகவும் இருக்கலாம். அதே எண்ணுள்ள புதுப் பிளக்கை வெறும் விரலால் ஏற்றிப் பாருங்கள். கடைசி வரை வழவழப்பாகப் போய், வாஷர் தொட்டதும் நின்றால் ஹெட் பிழைத்தது.

அடுத்து டார்ச் அடித்து ஓட்டைக்குள் பாருங்கள். செல்போன் வெளிச்சம் போதும், சாய்வாக அடிக்க வேண்டும். நேராக அடித்தால் தேய்ந்த மரைகூடப் பளபளத்து நல்லதுபோல் ஏமாற்றும். மேலே இரண்டு மூன்று சுற்று மட்டும் போய், கீழே பத்துக்கு மேல் கூர்மையாக இருந்தால் புது மரை போட அவசியமில்லை, சுத்தம் செய்து விரலால் ஏற்றிவிடலாம். பாதிக்கு மேல் வழுக்கையாக இருந்தால் இன்சர்ட்தான், அதாவது ஓட்டைக்குள் புது மரையைப் பதிப்பது. அதை வேலைப் பகுதியில் சொல்கிறேன்.

அறிகுறி: பாதி வரை போகிறது, அப்புறம் பிடிக்கிறது

இதற்கு இரண்டு காரணங்கள் உண்டு.

ஒன்று, கோணலாக ஏறியது. முதல் அரைச் சுற்றிலேயே இறுக்கம் தெரியும், பிளக் ஒரு பக்கம் சாய்ந்து நிற்கும். உடனே நிறுத்தித் திருப்பி எடுங்கள்.

இரண்டாவது, கரி. முதல் ஏழெட்டுச் சுற்று சுகமாகப் போய், கடைசியில் கரகரவென்று பிடிக்கும். இதற்குப் பின்னால் பெரும்பாலும் பழைய தப்பு ஒன்று இருக்கும்: 19 மிமீ போட வேண்டிய ஹெட்டில் யாரோ 12.7 மிமீ பிளக்கைப் போட்டு ஓட்டியிருப்பார்கள். அடியில் வெறுமனே கிடந்த ஆறு மிமீ மரையில் கரி கட்டிக் கல்லாகிவிடும். பிறகு சரியான பிளக்கை ஏற்றினால் அது கரியை அரைத்துக்கொண்டே இறங்கும், கூடவே அலுமினியத்தையும் கிழிக்கும். நேர்மாறான தப்பும் நடக்கிறது. சின்ன ஹெட்டில் நீளப் பிளக்கைப் போட்டால் அதன் நுனி மரை பெட்ரோல் எரியும் அறைக்குள் நீட்டிக்கொண்டு நெருப்பிலேயே வேகும். அதில் கட்டிய கரியோடு வெளியே இழுக்கும்போது மொத்த மரையும் கூடவே வரும். பிஸ்டன் பிளக்கை இடிக்காமல் இருந்தாலே பெரிய விஷயம்.

இரண்டுக்கும் கருவி ஒன்றுதான்: பேக் டேப். டேப் என்பது மரை வெட்டும் கருவி. சாதாரண டேப் மேலிருந்து வெட்டிக்கொண்டு இறங்கும். மேல் மரை கோணலாகியிருந்தால் இதுவும் அந்தக் கோணலிலேயே போகும். பேக் டேப்பை ஓட்டைக்குள் சும்மா இறக்கி, உள்ளே விரியவைத்து, கீழே கெடாமல் இருக்கும் மரையில் பிடித்துக்கொண்டு மேலே ஏற்றி வருவார்கள். நல்ல மரை வழிகாட்ட, கெட்டது நேராகும். துகளும் வெளிப்பக்கமாகவே வரும். எல்லாக் கடையிலும் இருக்காது, பெரிய டூல்ஸ் கடையில் கேட்டுப் பாருங்கள். கிடைக்காவிட்டால், கரிப் பிரச்சினைக்கு மட்டும், பழைய பிளக் ஒன்றின் மரையில் நெடுக்காக மூன்று காடி வெட்டிக்கொள்ளுங்கள். ஆக்ஸா பிளேடு போதும், பிசிறை அரத்தால் எடுத்துவிட வேண்டும். காடிகளில் கிரீஸ் அடைத்துக் கால் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே என்று போனால் கரியை வழித்து எடுத்து வரும். மரை வெட்டும் வேலைக்கு அது ஆகாது.

அறிகுறி: கயிறு இழுக்கும்போது பிளக் அடியில் "சுப் சுப்"

கம்ப்ரஷன் கொஞ்சம் குறைவாகத் தெரியும், பிளக்கைச் சுற்றி ஹெட்டில் கறுப்பு எண்ணெய் வளையம் படிந்திருக்கும். சோப்பு நுரையைப் பிளக் அடியில் தடவி மெதுவாகக் கயிற்றை இழுங்கள். குமிழி வந்தால் கசிவு உறுதி. ஆனால் குமிழி வந்ததெல்லாம் மரை போனதல்ல. வாஷர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பழைய வாஷர் ஹெட்டிலேயே ஒட்டிக்கொண்டு, மேலே புதுப் பிளக்கின் வாஷரும் சேர்ந்து இரண்டாகக் கிடக்கும் எஞ்சின்களைப் பார்த்திருக்கிறேன். உட்காரும் இடத்தில் மண் துகள் ஒன்று இருந்தாலும் போதும்.

வாஷரும் இடமும் சரி, ஸ்பேனரில் இறுக்கம் ஏறுவதற்குப் பதில் மெத்தென்று இழுபடுகிறது என்றால், மரை அப்போதுதான் கிழிந்துகொண்டிருக்கிறது. அங்கேயே கையை எடுங்கள்.

அறிகுறி: ஓடிக்கொண்டிருக்கும்போது பிளக் தெறித்துவிட்டது

"டப்" என்று ஒரு சத்தம், எஞ்சின் நின்றுவிடும், பிளக் அதன் கேப் வயரில் தொங்கிக்கொண்டிருக்கும். பட்டாசுபோல் பறந்தது என்று ஆட்கள் சொல்வது மிகை கிடையாது. எரியும்போது அறைக்குள் 40 பார் அழுத்தம் என்று வைத்துக்கொண்டால், 14 மிமீ ஓட்டையில் உட்கார்ந்திருக்கும் பிளக்கைச் சுமார் 60 கிலோ விசை மேலே தள்ளுகிறது. 3,600 சுற்றில் ஓடும் நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில் இது நிமிடத்துக்கு 1,800 தடவை. மூன்று சுற்று மரையால் அதைத் தாங்க முடியாது.

இந்த நிலையில் ஆட்கள் செய்யும் கைவைத்தியங்கள் மூன்று: டெஃப்லான் டேப் சுற்றுவது, பிளக்கோடு செம்புக் கம்பியைச் சேர்த்துத் திருகுவது, சுற்றிலும் எபாக்சி பூசுவது. செம்புக் கம்பி நடுக்காட்டில் வீடு வந்து சேர உதவியிருக்கிறது, மறுக்கவில்லை. மற்ற இரண்டையும் தொடவே வேண்டாம். பிளக் தன் சூட்டின் பெரும்பகுதியை மரை, வாஷர் வழியாகத்தான் ஹெட்டுக்குள் இறக்குகிறது. நடுவில் டெஃப்லானோ பசையோ போனால் நுனி பழுத்து, தீப்பொறிக்கு முன்பே பெட்ரோலைப் பற்றவைக்கும். பிஸ்டனில் ஓட்டை விழுவது அப்படித்தான். பிளக்கைத் தெறிக்கவிட்ட எஞ்சினுக்கு இன்சர்ட் மட்டுமே வழி.

வேலை: ஹெலிகாயில் போடுவது

வைர வடிவக் கம்பியைச் சுருளாகச் சுற்றியதுதான் ஹெலிகாயில். துருப்பிடிக்காத எஃகு. ஓட்டையைக் கொஞ்சம் பெரிதாக்கி, அதற்கென்றே வரும் டேப்பால் பெரிய மரை வெட்டி, இந்தச் சுருளை உள்ளே திருகினால், அதன் உட்புறம் மறுபடி 14 × 1.25 ஆகிவிடும். கிட்டில் டிரில், டேப், ஏற்றும் கம்பி, சுருள்கள் எல்லாம் வரும். கடையில் வாங்கும்போது 14 மிமீ கிட்டில் 1.25 என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். 14 × 2 சாதாரண போல்ட்டுக்கு உரியது, பக்கத்திலேயே அடுக்கி வைத்திருப்பார்கள். சுருளின் நீளமும் ஹெட்டின் மரை நீளத்துக்குப் பொருந்த வேண்டும்.

ஹெட்டைக் கழற்றுங்கள். "கழற்றாமலே செய்யலாம், கிரீஸ் தடவிக்கோ" என்று சொல்பவர்கள் உண்டு, நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் செய்துகொண்டிருந்தேன். வாடகைக்கு வந்த ஒரு பம்ப் எஞ்சினில் டேப்பின் காடிகளில் கிரீஸ் நிரப்பி, கவனமாகத்தான் வெட்டினேன். ஒரு வாரத்தில் புகையோடு திரும்பி வந்தது. உள்ளே சிலிண்டர் சுவரில் மேலிருந்து கீழே, நகம் மாட்டும் ஆழத்தில் ஒரு கீறல். ஓவர்ஹெட் வால்வ் எஞ்சினில் ஹெட் என்பது நாலு போல்ட்டும் ஒரு கேஸ்கெட்டும்தான். அந்த கேஸ்கெட் காசை மிச்சம் பிடிக்கப்போய், சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்கும் ரீபோருக்குக் கொடுத்தேன்.

ஹெட் வெளியே வந்ததும், வால்வ் சீட்டுக்கும் பிளக் ஓட்டைக்கும் நடுவே எவ்வளவு சதை இருக்கிறது, விரிசல் ஏதும் ஓடுகிறதா என்று பாருங்கள். விரிசல் இருந்தால் ஹெலிகாயில் வேலையை அங்கேயே விட்டுவிடலாம்.

டிரில். கையில் பிடிக்கும் மின்சார டிரில் இங்கே வேண்டாம். ஏற்கெனவே 14 மிமீ இருக்கும் ஓட்டையில் கால் மிமீ போலத்தான் எடுக்கப்போகிறோம். அந்த இடத்தில் பிட் அலுமினியத்தைக் கவ்விச் சாய்ந்துவிடும். நிற்கும் டிரில் மெஷினில், ஹெட்டை வைஸில் நேராகக் கட்டி, குறைந்த வேகத்தில் இறக்க வேண்டும். மெஷின் இல்லாவிட்டால் லேத் பட்டறைக்குக் கொண்டுபோங்கள், அவர்களுக்கு இது பத்து நிமிட வேலை. சில கிட்களில் நுனி பழைய மரையைப் பிடித்துக்கொண்டு போகும் வகை டேப் வரும், அதற்கு டிரில்லே வேண்டாம். பழைய மரை கொஞ்சமாவது மிச்சமிருந்தால் அது நன்றாக நேராக இறங்கும்.

டேப் போடும்போது அலுமினியத்துக்கு மண்ணெண்ணெய் விடுங்கள். நல்ல எஞ்சின் ஆயிலைவிட அது சுத்தமாக வெட்டவைக்கும். அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே. மூன்று சுற்றுக்கு ஒருமுறை முழுதாக எடுத்துத் துகளைத் துடைத்துவிட்டு மறுபடி. முதல் இரண்டு சுற்றில் நேராக நிற்கிறதா என்று மூலைமட்டத்தை இரண்டு பக்கமும் வைத்துப் பார்க்க வேண்டும். மூன்றாவது சுற்றுக்குப் பிறகு அதைத் திருத்த முடியாது.

பிறகு பெட்ரோலில் கழுவி, காற்றடித்து, சுருளை ஏற்றும் கம்பியில் மாட்டித் திருகுங்கள். கம்பியை அழுத்தக்கூடாது, அழுத்தினால் சுருள் ஒரு மரையைத் தாண்டி ஏறிவிடும். சுருளின் மேல் முனை பிளக் உட்காரும் இடத்துக்குக் கால் முதல் அரைச் சுற்று கீழே நிற்க வேண்டும். மேலே துருத்தினால் வாஷர் உட்காராது. கீழ் முனையும் அறைக்குள் நீட்டக்கூடாது, நீட்டினால் அந்த நுனி பழுக்கும். கடைசியாகச் சுருளின் அடியில் இருக்கும் நாக்கு, ஏற்றும் கம்பி மாட்டும் குறுக்கு முனை. ஹெட் கழற்றி இருப்பதால் மூக்குக் குறட்டால் பிடித்து மேலும் கீழும் அசைத்தாலே ஒடிந்து கையில் வந்துவிடும். ஹெட்டைக் கழற்றாமல் செய்தால் அது சிலிண்டருக்குள் விழும். துருப்பிடிக்காத எஃகு என்பதால் காந்தத்தை நம்ப முடியாது.

புஷ் போட வேண்டிய இடம்

பிளக்கை அடிக்கடி கழற்றி மாட்டும் எஞ்சின், ஏற்கெனவே ஹெலிகாயில் போட்டு அதுவும் பிளக்கோடு சுருண்டு வெளியே வந்த ஹெட், ஓட்டை முட்டை வடிவமான ஹெட். இவற்றுக்கு நான் புஷ்தான் சொல்வேன், உள்ளும் வெளியும் மரை போட்ட சின்ன உலோகக் குழாய். லேத்தில் வெளியே 18 × 1.5, உள்ளே 14 × 1.25 மரை போட்டு, மேலே சின்னக் காலர் வைத்துக் கடைந்து கொடுப்பார்கள். 10 மிமீ பிளக்குக்கு வெளி மரை 14 × 1.25 வைத்தால் போதும். வெளியே 16 என்று சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். 14 மிமீ பிளக்குக்கு அதில் சுவர் காகிதம் மாதிரி மிஞ்சும்.

எந்த உலோகம்? கன்மெட்டல் என்ற செம்புக் கலவை கிடைத்தால் அதுவே என் தேர்வு. சூட்டில் அலுமினியம் இரும்பைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு விரியும். கன்மெட்டல் இரண்டுக்கும் நடுவே நிற்பதால் ஹெட் சூடேறும்போது புஷ் அவ்வளவு சீக்கிரம் தளராது. மரையை ஒட்டவைக்கும் சிவப்பு லாக்டைட் பசை போடலாம், ஆனால் பிளக் பக்கத்துச் சூட்டில் அது இளகும். காலரின் விளிம்பில் இரண்டு மூன்று இடத்தில் பஞ்ச் அடித்து, புஷ் சுற்றாமல் அலுமினியத்தோடு பூட்டிவிடச் சொல்லுங்கள். காலர் ஹெட்டுக்கு மேலே எழும்பி நின்றால் பிளக் அந்த அளவுக்கு மேலே போய்விடும். ஹெட்டில் இடம் வெட்டிக் காலரைப் பதிக்க வேண்டும்.

ஆர்கான் வெல்டிங்கில் ஓட்டையை அடைத்து, புதிதாகத் துளைத்து மரை போடுவதும் உண்டு. நன்றாகச் செய்பவர் கையில் ஹெட் புதிதுபோல் ஆகும். ஆனால் வெல்டிங் சூட்டில் ஹெட்டின் முகம் வளையும், வால்வ் சீட் தளரலாம். வீடர் ஹெட்டுக்கு நான் அந்த வழிக்குப் போவதில்லை. பழைய மாடல், ஹெட் எங்கேயும் கிடைக்காது என்றால் சரி.

பிரஷ் கட்டர் வைத்திருப்பவர்களுக்குத் தனியாக

சின்ன 2 ஸ்ட்ரோக்கில் ஹெட்டும் சிலிண்டரும் பெரும்பாலும் ஒரே வார்ப்பு. ஹெட்டை மட்டும் கழற்ற வழியில்லை. அடிப்பக்க போல்ட்டுகளை எடுத்து மொத்தச் சிலிண்டரையும் தூக்க வேண்டும். சோம்பல்பட்டு அப்படியே டேப் விட்டால் துகள் போர்ட் வழியாக கிராங்கேஸுக்குள் போய் பேரிங்கில் உட்காரும். சிலிண்டரை மறுபடி இறக்கும்போது ரிங்கின் வாய் பிஸ்டனில் இருக்கும் சின்ன ஆணிக்கு நேராக வர வேண்டும். இல்லாவிட்டால் ரிங் ஒடியும். சிலிண்டர் கிட் மலிவாகக் கிடைக்கும் மாடல் என்றால் மரை வேலையே செய்யாமல் கிட்டை மாற்றிவிடுங்கள்.

மாட்டிய பிறகும் சரியில்லை என்றால்

*இன்னும் கசிகிறது.* புதுப் பிளக் வாஷரின் அடியில் மார்க்கர் பேனாவால் மை தடவி, விரலால் இறுக்கி எடுத்துப் பாருங்கள். ஹெட்டில் முழு வட்டமாக மை பதிய வேண்டும். பிறை நிலா மாதிரி ஒரு பக்கம் மட்டும் பதிந்தால் மரை கோணலாக வெட்டப்பட்டிருக்கிறது. உட்காரும் முகத்தை மரைக்கு நேராக லேத்தில் கொஞ்சம் சீவிக் கொடுப்பார்கள்.

*ஓடுகிறது, ஆனால் சூடானால் டக் டக் என்று அடிக்கிறது.* சுருளின் நுனியோ புஷ்ஷோ அறைக்குள் நீட்டுகிறது, அல்லது பிளக் எண் மாறியிருக்கிறது. என்ஜிகே-யில் எண் ஏறினால் குளிர்ந்த பிளக், இறங்கினால் சூடான பிளக். 6 போட வேண்டிய இடத்தில் 4 போட்டால் இப்படி ஆகும்.

*பிளக் கழற்றும்போது சுருளும் கூடவே வருகிறது.* பிளக்கை அளவுக்கு மீறி இறுக்கியிருக்கிறார்கள், அல்லது மரையில் கரி. அதே ஓட்டையில் இன்னொரு சுருள் ஒருமுறை போட்டுப் பார்க்கலாம். மறுபடி வந்தால் புஷ்.

பிளக்கை ஏற்றும் விதம்

ஸ்பேனரை எடுக்காதீர்கள். பிளக்கின் வெள்ளைப் பீங்கான்மேல் இறுக்கமாக ஏறும் ரப்பர் டியூப் ஒரு சாண் வெட்டி, அதைப் பிடித்தே திருகுங்கள். முதலில் இடப்பக்கம் மெதுவாகச் சுற்றினால் ஒரு இடத்தில் "டக்" என்று பிளக் லேசாகக் கீழே இறங்கும். அங்கிருந்து வலப்பக்கம். கோணலாக ஏறத் தொடங்கினால் டியூப் வழுக்கிவிடும். மரையைக் கிழிக்கிற பலம் அதற்குக் கிடையாது.

வாஷர் ஹெட்டைத் தொட்ட பிறகுதான் ஸ்பேனர். புதுப் பிளக் 14 மிமீ என்றால் அங்கிருந்து அரைச் சுற்று, கடிகார முள் 12-லிருந்து 6-க்குப் போகும் தூரம். கொஞ்சம் கூடினால் 8 வரை. ஏற்கெனவே போட்டிருந்த பிளக்கையே திரும்பப் போட்டால் வாஷர் முன்பே நசுங்கியிருக்கும், 12-லிருந்து 1 வரை போதும். டார்க் ரெஞ்ச் வைத்திருப்பவர்கள் எஞ்சினின் புத்தகத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். புத்தகம் கையில் இல்லையென்றால் அலுமினிய ஹெட்டில் 14 மிமீ-க்கு 25 முதல் 30 நியூட்டன் மீட்டர், 10 மிமீ-க்கு 10 முதல் 12 என்பது என்ஜிகே சொல்லும் பொதுக் கணக்கு. 10 மிமீ-யின் எண்ணைக் கவனியுங்கள், பாதிகூட இல்லை. பைக் ஹெட்டில் மரை போவதற்கு இதை மறப்பதே காரணம். மரையில் கிரீஸ், செம்புப் பசை எதுவும் வேண்டாம். வழுக்கலில் அதே ரெஞ்ச் அளவுக்குப் பிளக் இன்னும் அதிகமாக இறுகிவிடும். பூச்சுள்ள பிளக்குக்கு அது தேவையும் இல்லை.

ஸ்டார்ட் செய்வதற்கு முன் பெட்ரோலை மூடி, சுவிட்சை ஆஃப் செய்து நாலு தடவை கயிறு இழுங்கள். பிறகு பெட்ரோலைத் திறந்து, சுவிட்சை ஆன் செய்து, கேப்பைப் பிளக்கில் மாட்டி, பத்து நிமிடம் ஐடிலில் ஓடவிட்டு நிறுத்தி, முழுதாக ஆறியதும் சோப்பு நுரை ஒருமுறை. நுரை அப்படியே நின்றால் காட்டுக்குக் கொண்டுபோகலாம். ஸ்பேனரில் சொருகி வந்த பைப்பை மட்டும் ஷெட்டிலேயே விட்டுவிட்டுப் போகச் சொல்வேன். இப்போது என்னிடம் ஒன்பது பைப் இருக்கிறது.